நுழையலாம், கேட்கக் கூடாதா?

2021 மே 4 இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில மணி நேரத்துக்குள் 13 நோயாளிகள் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. ஆக்சிஜன் அழுத்தம் குறைந்துபோனது என்று வார்டில் உடனிருந்த உறவினர்கள் சொன்னார்கள். ஆக்சிஜன் பற்றாக்குறையே இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். தேர்தல் முடிவு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. புதிய அரசு பதவியேற்க இன்னும் மூன்று நாள் இருந்தது. இரண்டு அரசுகளுக்கு நடுவில் அந்த உயிர்கள் போயின.

செங்கல்பட்டு ஜி.ஹெச்.சுக்கு யார் போகிறார்கள் என்பது இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செய்யூர், மதுராந்தகம், திருக்கழுக்குன்றம் பக்கத்துக் காலனிகள், இருளர் குடியிருப்புகள், மாமல்லபுரம் தொடங்கிக் கல்பாக்கம் வரையுள்ள மீனவக் குப்பங்கள், கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்கள். வசதி உள்ளவர்களுக்கு ஜி.எஸ்.டி. சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் தனியார் மருத்துவமனைகள் இருக்கின்றன. மற்றவர்களுக்கு இந்த ஒரு வாசல்தான்.

அப்படி ஒரு இரவுக்குப் பிறகு குடும்பத்தாருக்கு வரும் கேள்விகள் மூன்று. ஏன் இறந்தார்? அதை எந்தக் காகிதம் சொல்லும்? அந்தக் காகிதத்தை யாரிடம் கேட்பது? மூன்றுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்விகளைக் கேட்க வாய் திறப்பதற்குள் நம் மக்கள் எதை எதையெல்லாம் தாண்ட வேண்டியிருக்கிறது என்பதைத்தான் முதலில் பேச வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மா ஓர் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பதாம் நாள் இறந்தார். என்ன நடந்தது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. காரியம் முடிந்ததும் கேஸ் ஷீட் நகல் கேட்டுப் போனேன். “அதெல்லாம் தர மாட்டோம், நீ என்ன வக்கீலா?” என்றார் ஆவண அறையில் இருந்தவர். ஆராய்ச்சி மாணவர் என்றேன். “எந்த ஊர்?” என்றார். சொன்னேன். “அங்க எந்தத் தெரு?” என்றார். அந்தக் கேள்வி எதற்கு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னோடு வந்திருந்த பெரியப்பா என் கையைப் பிடித்து இழுத்து, “வாப்பா போலாம், நாளைக்கு நமக்கே ஒண்ணுன்னா இங்கதான வரணும்” என்றார்.

மூன்றாம் முறை விண்ணப்பத்தில் விதியைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் நகல் கிடைத்தது. அதில் ஆங்கிலத்தில் அச்சடித்த சம்மதப் படிவம் ஒன்று இருந்தது. அதன் கீழே பெரியப்பாவின் கைநாட்டு. பெரியப்பா எட்டாவது வரை படித்தவர், தினமும் செய்தித்தாள் வாசிப்பவர், அழகாகக் கையெழுத்துப் போடுவார். “படிக்கத் தெரியுமான்னு கேக்கலப்பா, மை டப்பாவ நீட்டினாங்க, வச்சேன்” என்றார். பெரியம்மாவின் சாவுக்கு யார் பொறுப்பு என்று அந்தக் காகிதங்களை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. எங்களை அவர்கள் என்னவாகப் பார்த்தார்கள் என்பதை அந்த ஒரு கைநாட்டு சொல்லிவிட்டது.

இதைத் தனிமனிதக் கதையாக விட்டுவிடாமல் சட்டத்தோடு வைத்துப் பார்ப்போம்.

இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002 நடத்தை விதிகளின்படி நோயாளியோ, அவர் சார்பில் உரிமை பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். ‘கோர்ட் ஆர்டர் வாங்கி வா’ என்பதற்கு எந்த விதியிலும் இடமில்லை. சம்மதத்தைப் பொறுத்தவரை, 2008ஆம் ஆண்டு சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. என்ன சிகிச்சை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதைப் போதிய அளவு விளக்கிய பிறகு பெறுவதுதான் சம்மதம். புரியாத மொழியில் நீட்டிய படிவத்தின் மேல் விழுந்த மை அப்படிப்பட்ட சம்மதம் ஆகாது.

‘இங்கே வசதி இல்லை, வேறு இடத்துக்குப் போ’ என்று அவசர நிலையில் வந்தவரை அனுப்பிவிட முடியுமா? போலீஸ் வரட்டும், பணம் கட்டு என்று சிகிச்சையை நிறுத்திவைக்க முடியாது என்று 1989லேயே பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அது தனியார் மருத்துவர்களுக்கும் பொருந்தும். அடுத்து வந்தது மேற்கு வங்கத்தின் ஹக்கீம் ஷேக் வழக்கு. விவசாயக் கூலியான அவர் 1992ல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர். அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக ‘படுக்கை இல்லை’ என்று அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் செலவழித்துத்தான் பிழைத்தார். அவரும் அவருடைய கூலித் தொழிலாளர் சங்கமும் தொடுத்த வழக்கில் 1996ல் தீர்ப்பு வந்தது. அவசர சிகிச்சையை மறுப்பது 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவது. நிதி இல்லை என்று அரசு தப்பிக்க முடியாது. அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தர உத்தரவானது. நம் பக்கத்தில், விபத்தில் காயம்பட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் இதே மாவட்டத்தின் மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. இ.சி.ஆரில் அடிபட்டவரிடம் முன்பணம் கேட்டால், இதைச் சொல்லத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இவ்வளவு உரிமை இருந்தும், சட்டத்துக்குள்ளேயே ஒரு பெரிய பிளவு இருக்கிறது. 1995ல் வி.பி. சாந்தா வழக்கில், மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் காசு கொடுத்து சிகிச்சை பெறுபவர் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம். வக்கீல் கட்டாயமில்லை. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணமும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனையின் நோயாளி அந்தச் சட்டப்படி ‘நுகர்வோர்’ ஆக மாட்டார் என்று அதே தீர்ப்பு கூறிவிட்டது. எளிய வாசல் காசு கொடுத்தவருக்குத் திறந்தது. இலவச வார்டில் படுத்திருப்பவருக்கு மூடியது. காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டிய சிகிச்சை இலவசம் ஆகாது என்றும் அதே தீர்ப்பில் இருப்பதால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் நடந்த சிகிச்சைக்கு வாதாட இடமுண்டு. வாதாடித்தான் பெற வேண்டியிருக்கிறது என்பதே அநீதி. சாதி என்ற சொல் அந்தத் தீர்ப்பில் இல்லாமல் இருக்கலாம். யார் எந்த வார்டில் படுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும்.

அதற்காக இலவச வார்டில் இருப்பவருக்கு வழியே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். மாநில மனித உரிமை ஆணையத்தில் ஓராண்டுக்குள் புகார் தரலாம். மருத்துவர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் முறையிடலாம். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. 2019ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. இலவச சிகிச்சை என்பதால் அரசின் பொறுப்பு குறைந்துவிடாது என்பதற்கு அந்த வழக்கு சாட்சி.

வழக்குக்குக் காசு? இங்கேதான் நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு சட்டம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. சாதிச் சான்றிதழுக்கு ஆண்டுக்கணக்கில் அலையும் இருளர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமலே, பெண் என்பதாலேயே இந்த உரிமை கிடைக்கும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் செங்கல்பட்டிலேயே இருக்கிறது. தொலைபேசி எண் 15100.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், நுழைய விடாமல் தடுத்தால், அது வெறும் ‘சேவைக் குறைபாடு’ இல்லை. தீண்டாமையின் பேரில் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது 1955ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் மருத்துவமனையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இன்னொன்றும் உண்டு. சாதித் தாக்குதலில் காயம்பட்டவர் மருத்துவமனைக்கு வரும்போது விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆரில், மருத்துவர் எழுதும் முதல் வரியில் பாதி வழக்கு இருக்கிறது. ‘அடையாளம் தெரிந்த நபர்களால் தாக்கப்பட்டார்’ என்று எழுதுவதற்கும் ‘கீழே விழுந்தார்’ என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு, பல ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றத்தில் விடுதலையா தண்டனையா என்ற வேறுபாடு ஆகிவிடும். எழுதும்போதே சொல்லுங்கள், நகல் கேளுங்கள். அந்தச் சிகிச்சைக்கான மருந்து, உணவுச் செலவை மாவட்ட நிர்வாகம் ஏற்க வேண்டும் என்று 1995ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

சாவில் சந்தேகம் இருந்தால் உடலை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் புகார் கொடுத்து, உடற்கூராய்வு கேட்க வேண்டும். எரித்த பிறகு சாட்சி மிஞ்சாது. தனியார் மருத்துவமனை பில் பாக்கிக்காக உடலைப் பிடித்துவைக்கக் கூடாது என்பது தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில் இருக்கிறது.

அந்தச் சாசனத்தை எந்த அரசு மருத்துவமனைச் சுவரிலாவது பார்த்திருக்கிறீர்களா? நான் போன இடங்களில் பார்த்ததில்லை. ஆனால் மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் 3 முதல் 10 ஆண்டு சிறை என்ற 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் அறிவிப்பு பளிச்சென்று இருக்கும். அந்தச் சட்டம் தேவைதான். ஒரு செவிலியர் எத்தனை நோயாளிகளைப் பார்க்கிறார் என்பது நமக்குத் தெரியும். ஒப்பந்தக் கூலிக்குத் தரை துடைக்கும் தூய்மைப் பணியாளர் பெரும்பாலும் நம் தெருக்காரர். ஆள் போடாத, கருவி வாங்காத அரசின் மேல் வர வேண்டிய கோபம் அவர்கள் மேல் விழுவதை நாம் ஏற்க முடியாது. ஆனால் நோயாளி என்ன செய்யக் கூடாது என்பதை மட்டும் எழுதிவைத்து, நோயாளிக்கு என்ன உரிமை என்பதை எழுதாத சுவர், வருகிறவர்களைக் குற்றவாளிகளாகவே பார்க்கிறது.

இதே மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். பொதுச் சாலை, குளம், கிணறு, பொது அலுவலகம் எதிலும் எந்தச் சாதியாரும் தடையின்றி நுழையலாம் என்ற தீர்மானத்தை 1924ல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றினார். நுழையும் உரிமையை நம் முன்னோர் அப்படிப் போராடிப் பெற்றார்கள். நூறு ஆண்டு கழிந்து நாம் உள்ளே நுழைந்துவிட்டோம். உள்ளே போனதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். ‘நாளைக்கு நமக்கே ஒண்ணுன்னா’ என்ற பெரியப்பாவின் பயம், மருத்துவத்தைத் தர்மமாக நினைக்கவைத்ததால் வந்த பயம். அது தர்மம் இல்லை. தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறவர்களின் பணத்தில் நடக்கும் மருத்துவமனை அது.

அரசிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. உரிமைச் சாசனம் எல்லா வார்டிலும் தமிழில் இருக்க வேண்டும். சம்மதப் படிவம் தமிழில் வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போதும் இறப்பின்போதும் கேட்காமலே கேஸ் ஷீட் நகல் கொடுக்க வேண்டும். இலவச சிகிச்சை பெறுபவரும் மாவட்ட அளவிலேயே இழப்பீடு கேட்க ஒரு மன்றம் வேண்டும். இவை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காலனிக்கு இரண்டு பேர் இந்த விதிகளைத் தெரிந்துகொண்டால் போதும். ஊரில் யாராவது ஜி.ஹெச்.சில் சேர்ந்தால் சாப்பாட்டுக் கூடையோடு ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுபோகலாம். படிவத்தை வாசித்துக் காட்டலாம். மை டப்பா நீளும்போது, “இவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்” என்று சொல்லலாம்.

பெரியப்பா போன மாதம் சர்க்கரை மாத்திரை வாங்கப் போயிருந்தார். ஓ.பி. சீட்டில் மருத்துவர் எழுதியதைக் காட்டி, “இது என்ன மாத்திரை சார், எதுக்கு?” என்று கேட்டாராம். மருத்துவர் நிமிர்ந்து பார்த்து, பதில் சொன்னாராம். வீட்டுக்கு வந்து அதை இரண்டு முறை சொன்னார்.