“வெள்ளரிக்காய்” என்று திட்டு வாங்கிய கோவை வீரர்! நரேன் கார்த்திகேயன் மீது தப்பா, அவர் ஓட்டிய வண்டி மீது தப்பா?

சேலம் –

கொண்டலாம்பட்டி பைபாசில் பைக்கை முறுக்கிக் கொண்டு பறக்கிற பையனைப் போலீஸ்காரர் மடக்கினால், அவர் வாயில் முதலில் வருவது என்ன?

“ஏண்டா, நீ என்ன பெரிய நரேன் கார்த்திகேயனா?”

நாமக்கல் லாரிப் பட்டறைகளிலும் இதே பேச்சுதான். வேகம் என்றால் நரேன். அப்படி ஒரு பெயர்.

ஆனால் அதே நரேனை, உலக சாம்பியன் ஒருவர் “வெள்ளரிக்காய்” என்று ஏசினார். லாயக்கில்லாதவனை ஜெர்மனியில் அப்படித்தான் திட்டுவார்களாம்! “காசு கொடுத்து சீட் வாங்கின ஆளு” என்று வேறு சிலர் கேலி செய்தார்கள். 2012-ம் ஆண்டோடு பார்முலா-1 கார் பந்தயத்தை விட்டே அவர் வெளியே வர நேர்ந்தது.

நரேன் நிஜமாகவே மட்டமான டிரைவர்தானா? கணக்கை எடுத்துப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது.

அப்பா வழியில் பிள்ளை

நரேன் 1977-ல் பிறந்தவர். கோவைக் குடும்பம். அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன், தென்னிந்திய ராலி பந்தயத்தை 7 தடவை ஜெயித்தவர். ஆக, வேகம் ரத்தத்திலேயே இருந்தது.

1992-ல் பிரான்சு நாட்டுக்குப் போய் பந்தயப் பள்ளியில் படித்தார். ஊர் திரும்பியதும் ஸ்ரீபெரும்புதூர் பந்தயத் தளத்தில் பார்முலா மாருதி காரில் இறங்கினார். அந்தக் கார் வெளிநாட்டுச் சரக்கல்ல. மாருதி என்ஜினைப் போட்டு நம்ம ஊரிலேயே கட்டிய கார். கட்டியவர் கோவை எஸ்.கரிவரதன்.

1994-ல் இங்கிலாந்தில் பார்முலா போர்டு குளிர்காலப் போட்டித் தொடரில் சாம்பியன். 1996-ல் பார்முலா ஆசியா சாம்பியன். 2001 ஜூன் மாதம் சில்வர்ஸ்டோன் தளத்தில் ஜாகுவார் காரைச் சோதனைக்கு ஓட்டினார். பார்முலா-1 காரில் உட்கார்ந்து ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான்.

இதெல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கிற பரிசா? இல்லை. ஓட்டத் தெரிந்தால்தான் கிடைக்கும்.

முதலாளிக்குச் சம்பளம்!

அப்படியென்றால் “காசு கொடுத்த ஆள்” என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

நாமக்கல்லில் லாரி முதலாளி டிரைவருக்குச் சம்பளம் கொடுக்கிறார். பார்முலா-1-ல் சின்ன கம்பெனிகளில் இது தலைகீழ்! டிரைவர்தான் முதலாளிக்குப் பணம் கொண்டு வர வேண்டும். விளம்பரம் கொடுக்கிற கம்பெனியைப் பிடித்து, கோடி கோடியாக வாங்கிக் கட்டினால்தான் சீட்.

2004-ம் ஆண்டுக்கே மினார்டி என்ற சிறிய அணி நரேனைக் கூப்பிட்டது. கேட்ட பணம் சேரவில்லை. வாய்ப்பு கை நழுவியது. மறு ஆண்டு டாட்டா போன்ற கம்பெனிகள் கை கொடுத்தன. ஜோர்டான் அணியில் சீட் கிடைத்தது.

இதைச் சொல்லி நரேனை ஏசுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்து கொள்ள வேண்டும். மூன்று முறை உலக சாம்பியனான நிக்கி லாடா, ஆரம்பத்தில் பாங்கில் கடன் வாங்கித்தான் சீட் பிடித்தார். 7 முறை சாம்பியன் மைக்கேல் ஷூமேக்கர் 1991-ல் முதன்முதலாக ஜோர்டான் காரில் ஏறியதற்கு மெர்சிடிஸ் கம்பெனி பணம் கட்டியது.

அவர்கள் ஜெயித்தார்கள். பணம் கட்டிய கதை மறந்து போச்சு. நரேன் ஜெயிக்கவில்லை. அது மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கிறது!

ஆறு காரில் நாலாவது!

2005 மார்ச் மாதம் ஆஸ்திரேலியாவில் முதல் பந்தயம். தகுதிச் சுற்றில் நரேனுக்கு 12-வது இடம். பந்தய முடிவில் 15-வது இடம். இந்தியர் ஒருவர் பார்முலா-1-ல் ஓடியது அதுதான் முதல் தடவை.

அதே ஆண்டு ஜூன் 19-ல் அமெரிக்கப் பந்தயம். மிஷலின் டயர் தாங்காது என்று அந்த டயர் போட்ட 14 கார்களும், அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் ஒதுங்கி விட்டன. மிச்சம் ஓடியது 6 கார்! அதில் நரேன் நாலாவதாக வந்தார். 5 புள்ளி கிடைத்தது.

பார்முலா-1-ல் அவர் ஓடியது மொத்தம் 46 பந்தயம். வாங்கிய புள்ளியே அந்த ஐந்துதான்.

இங்கே நரேன் பக்கமும் குறை உண்டு. அதை மறைக்கக் கூடாது. அதே ஜோர்டான் காரை ஓட்டிய போர்த்துகல் வீரர் டியாகோ மான்டீரோ, அந்த ஆண்டின் 19 பந்தயத்தில் 18-ஐ முடித்துக் காட்டினார். அடுத்த ஆண்டு அவருக்கு சீட் நிலைத்தது. நரேன் வில்லியம்ஸ் அணிக்குச் சோதனை டிரைவராகப் போனார்.

லோடு லாரியும் ஆம்னி பஸ்சும்

2011-ல் எச்.ஆர்.டி. என்ற ஸ்பெயின் அணி மூலம் நரேன் மறுபடி வந்தார். வரிசையிலேயே மெதுவான கார் அது. முதல் ஆள் 100 விநாடியில் ஒரு சுற்று சுற்றினால், மற்றவர்கள் 107 விநாடிக்குள் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் பந்தயத்தில் இடம் கிடையாது. 2011, 2012 இரண்டு ஆண்டும் ஆஸ்திரேலியாவில் எச்.ஆர்.டி.யின் இரண்டு கார்களும் இதில் தேறவில்லை. 2012-ல் இன்னொரு காரில் இருந்தவர் பெட்ரோ டி லா ரோசா. பழம் தின்று கொட்டை போட்ட ஆசாமி. அவராலேயே முடியவில்லை!

2011 ஜூலையில் நரேனை இறக்கிவிட்டு டேனியல் ரிக்கார்டோ என்ற இளைஞரை ஏற்றினார்கள். பின்னாளில் 8 பந்தயம் ஜெயித்த பெரிய வீரர் அவர். அக்டோபர் 30-ல் டெல்லி அருகே நடந்த முதல் இந்தியப் பந்தயத்தில் நரேனுக்கு மறுபடி கார் கொடுத்தார்கள். முடிவு? நரேன் 17, ரிக்கார்டோ 18!

வெள்ளரிக்காய் சம்பவம் 2012 மார்ச் 25-ல் மலேசியாவில் நடந்தது. மழை கொட்டியது. டயரைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததால், பந்தயத்தை நிறுத்தியபோது நரேன் பத்தாவது இடத்தில் இருந்தார். அந்தக் காருக்கு அது பெரிய விஷயம்.

மறுபடி ஓட்டம் தொடங்கியது. ஒரு சுற்று முந்தி ஓடிய ஜெர்மனி வீரர் செபாஸ்டியன் வெட்டல் பின்னால் வந்தார். இவர் காரைத் தாண்டும்போது உரசியது. வெட்டலின் பின் டயர் கிழிந்தது. நாலாவதாக ஓடியவர் 11-வது இடத்துக்குப் போனார். 12 புள்ளி காலி!

சங்ககிரி ரோட்டில் லோடு லாரியை ஆம்னி பஸ் தாண்டுகிற மாதிரிதான் இதுவும். லாரி ஒதுங்க வேண்டும் என்பது சட்டம். பஸ்சும் முழுசாகத் தாண்டிய பிறகுதான் உள்ளே மடக்க வேண்டும். நடுவர்கள் நரேன் மீது தப்பு என்று 20 விநாடி அபராதம் போட்டார்கள்.

சாதாரண ரோட்டில் இருப்பது போல இங்கேயும் சில வெள்ளரிக்காய்கள் ஓட்டுகின்றன என்று வெட்டல் பொரிந்து தள்ளினார். அழுகிற குழந்தை மாதிரி நடந்து கொள்கிறார் என்று நரேன் திருப்பிக் கொடுத்தார்.

அன்று ஜென்சன் பட்டனும் நரேன் கார் மீது மோதினார். ஆனால் அவர், தப்பு தன்னுடையதுதான் என்று ஒப்புக் கொண்டார். அது யார் காதிலும் விழவில்லை. வெள்ளரிக்காய் மட்டும் உலகம் சுற்றியது! அந்த ஆண்டு வெட்டலே சாம்பியன் ஆனார், வெறும் 3 புள்ளி வித்தியாசத்தில்.

நவம்பரில் அபுதாபியில் ஹைட்ராலிக் கோளாறால் நரேனின் கார் திடீரென்று மெதுவானது. பின்னால் வந்த நிக்கோ ராஸ்பர்க்கின் கார் அதன் மேலேயே ஏறிப் பறந்தது. இருவரும் உயிர் தப்பியது புண்ணியம்.

துரத்தவில்லை, கடை மூடியது

2012 நவம்பர் 25-ல் பிரேசில் பந்தயம். அதுவே நரேனுக்குக் கடைசி. யாரும் அவரைத் துரத்தவில்லை. எச்.ஆர்.டி. அணியை வாங்க ஆள் இல்லை. கடையை மூடிவிட்டார்கள். அவருக்கு அப்போது வயது 35. வேறு சீட் கிடைக்கவில்லை.

நரேன் ஜப்பானுக்குப் போனார். 2014 முதல் 2018 வரை சூப்பர் பார்முலா பந்தயம். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி கார் கொடுக்கிற பந்தயம் அது. 2019 நவம்பரில் ஜப்பான், ஜெர்மனி கார்கள் சேர்ந்து ஓடிய பியூஜி பந்தயத்தில் ஹோண்டா காரில் முதலாவதாக வந்தார். 42 வயதில்! வெள்ளரிக்காய்க்கு அது முடியுமா?

இப்போது அவர் கோவையில் பழைய இரு சக்கர வாகனம் வாங்கி விற்கும் கம்பெனி தொடங்கித் தொழிலதிபர் ஆகிவிட்டார்.

அடுத்த ஆள் எங்கே?

இந்தியாவிலிருந்து பார்முலா-1-ல் ஓடியவர்கள் இரண்டே பேர். நரேன் ஒருவர். 2010-ல் வந்த சென்னை கருண் சந்தோக் இன்னொருவர். இரண்டு பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். கருணும் அதே எச்.ஆர்.டி. அணியில்தான் ஆரம்பித்தார்.

சோழவரத்தில் கார் ஓட்டிய விஜய் மல்லையா, 2008-ல் போர்ஸ் இந்தியா என்று அணியே நடத்தினார். பெயரில் இந்தியா. பந்தயத்தில் ஓட்ட ஒரு இந்தியரைக் கூட அமர்த்தவில்லை! டெல்லி பந்தயமும் 2013-ஓடு நின்றது.

அப்பா பந்தய வீரர், வசதியான குடும்பம், பெரிய கம்பெனிகளின் ஆதரவு. இத்தனை இருந்தும் நரேனுக்குக் கிடைத்தது கடைசி வரிசைக் கார்தான். இதில் ஒன்றும் இல்லாத நாமக்கல் பட்டறைப் பையன் எப்படிப் போவான்? திறமை இருந்தும் ஏறுவதற்கு ஏணி இல்லை. நரேனைத் திட்டியவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பைபாசில் பைக் முறுக்குகிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. நரேன் ரோட்டில் ஓட்டிப் பெயர் வாங்கவில்லை. பள்ளியில் படித்து, தலைக்கவசம் மாட்டி, தளத்தில் ஓட்டினார். கோவை செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரிலேயே பந்தயத் தளம் இருக்கிறது. வேகம் காட்ட வேண்டுமா? அங்கே போய்க் காட்டலாம்.

அடுத்த தடவை போலீஸ்காரர், “நீ என்ன பெரிய நரேன் கார்த்திகேயனா?” என்று கேட்டால், “இல்லீங்க சார்” என்று வண்டியை ஓரம் கட்டுவதுதான் புத்திசாலித்தனம். அந்தப் பெயர் அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது அல்ல.