பச்சைக் கட்டடமும் திறந்து கிடக்கும் கண்ணாடியும்

'பசுமைக் கட்டடம்'னு சொன்னாலே நம்ம ஆளுங்க கண்ணு மொட்டைமாடி சோலார் பலகைக்கும், வாசல்ல மாட்டின லீட் பட்டயத்துக்கும்தான் போகுது. ஆபீஸ் கட்டடம்னா சரி, போகட்டும். பொதுப்பணத்துல கட்டின சுற்றுச்சூழல் ஆய்வகத்தையும் இப்படியே அளந்தா, மன்னிக்கணும் மக்கா, அது சுத்தப் பேத்தல்.

ஆய்வகத்துல கரண்டைக் குடிக்கிறது விளக்கு இல்லை, காத்து. அமிலம், கரைப்பான் எல்லாம் கையாள்ற ஃபியூம் ஹுட்னு ஒரு கூண்டு இருக்கும். அது உறிஞ்சுற காத்து கூரை வழியா வெளியே போயிடும். நச்சுக்காத்தைத் திரும்ப உள்ளே விட முடியாதே! போன அளவுக்குப் புதுக்காத்தை இழுத்து, குளிர்வித்தோ சூடாக்கியோ உள்ளே அனுப்பணும். 24 மணி நேரமும். இப்படி ஓடுற ஒரே ஒரு ஹுட், சுமார் 3 அமெரிக்க வீடுகளுக்கான சக்தியைத் தின்னுதுன்னு லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்காரங்க கணக்குப் போட்டிருக்காங்க.

வட கரோலினாவுல அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2000களின் தொடக்கத்துல திறந்த வளாகத்தை எடுத்துக்கோங்க. மரங்களைக் காப்பாத்த நாலுவழிச் சாலைத் திட்டத்தை ரெண்டுவழியாச் சுருக்கினதை எல்லாரும் மெச்சுறாங்க. நல்ல விஷயம்தான். எனக்குப் பிடிச்சது வேற. ஆய்வகங்கள் ஒரு பக்கம், ஆபீஸ் அறைகள் மறுபக்கம், நடுவுல வெளிச்சம் விழுற முற்றம். ஆபீஸ் காத்தைச் சுத்திச்சுத்திப் பயன்படுத்தலாம். ஒரே தடவையில வெளியேத்துற காத்து ஆய்வகத்துக்கு மட்டும். இது கடைசியில ஒட்டவைக்கிற சமாச்சாரம் இல்லை, வரைபடம் போடும்போதே யோசிக்கணும்.

"காத்தைக் குறைச்சா ஆராய்ச்சி பண்றவங்க நுரையீரல் என்னாகும்?"னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஹுட்டுக்கு முன்னாடி மேலும் கீழும் நகருற கண்ணாடிக் கதவு ஒண்ணு உண்டு. காத்தளவு மாறுற வகை ஹுட்டா இருந்தா, கதவை இறக்கினதும் உறிஞ்சுற காத்து தானா குறையும். அதே கண்ணாடி முகத்துக்கும் ரசாயனத்துக்கும் நடுவுல கவசம். சிக்கனமும் பாதுகாப்பும் இங்கே ஒரே கட்சி! ஹார்வர்ட்ல இந்தக் கதவை மூட வைக்கிறதுக்குன்னே போட்டி நடத்தினாங்க. அவ்வளவு படிச்சவங்களுக்கும் பரிசு காட்டினாத்தான் கை இறங்குது :-)

நான் பொட்டி தட்டுறவன். கோடு எவ்வளவு அழகா இருந்தாலும், ராத்திரி முழுக்க ஒரு லூப் வெட்டியா சுத்தினா சர்வர் பில் எகிறும்னு எனக்குத் தெரியும். கட்டடமும் அப்படித்தான்.

இனிமே யாராவது "எங்க ஆய்வகம் பச்சை"ன்னு பீத்தினா, பட்டயத்தைப் பார்க்காதீங்க. ராத்திரி பத்து மணிக்கு எத்தனை கண்ணாடி திறந்து கிடக்குன்னு கேளுங்க.