மலை வந்தால் தெரியும்

சைக்கிள் பந்தயம் என்றால் இந்தியர்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 1992இல் வெளியான 'ஜோ ஜீத்தா வஹி சிக்கந்தர்' இந்திப் படம்தான். டேராடூனில் சிறு காப்பிக் கடை நடத்துபவரின் மகனாக வரும் ஆமிர் கான், பணக்காரக் கல்லூரி மாணவனைக் கடைசி நேரத்தில் முந்துகிறார். மனதில் உறுதி இருந்தால் போதும், ஏறி உட்கார்ந்திருக்கும் சைக்கிளின் விலை ஒரு பொருட்டல்ல என்பது படத்தின் சேதி. நிஜப் பந்தயத்தில் இது பாதிதான் உண்மை.

அந்தப் பாதி சமவெளியில் இருக்கிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் தனியாகப் போகிறவரின் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. முன்னால் செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் சுமை கணிசமாகக் குறையும். எனவே அனுபவசாலிகள் கூட்டத்துக்குள் பதுங்கிக்கொள்கிறார்கள். முதல் முறையாகக் கலந்துகொள்பவர்தான் கொடி அசைந்ததும் முன்னால் பாய்கிறார். பத்து கிலோமீட்டருக்கு மற்றவர்களுக்காகக் காற்றைத் தடுத்துக் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்கப் பின்தங்குகிறார். கூட்டத்தின் வாலுக்கும் அவருக்கும் இடையே சில மீட்டர் இடைவெளி விழுந்துவிட்டால் கதை முடிந்தது. நாற்பது பேர் பகிர்ந்துகொள்ளும் காற்றை அவர் ஒருவரே எதிர்கொள்ள வேண்டும்.

கூட்டத்தோடு ஒட்டிப் போவதற்கும் துணிச்சல் தேவை. முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்தில் உரசினால் விழுவது பெரும்பாலும் பின்னால் வருபவர்தான். நம் சாலைகளில் குழிக்கும் பஞ்சமில்லை. முன்னால் இருப்பவர் கையைத் தாழ்த்திக் குழியைச் சுட்டிக்காட்டுவார். யாரைத் தோற்கடிக்க நினைக்கிறோமோ அவரை நம்பித்தான் எலும்பு முறியாமல் ஊர் போய்ச் சேர வேண்டும். சைக்கிள் பந்தயத்தின் விசித்திரம் இது.

இந்தக் கூட்டத்தில் இரண்டு விதமானவர்கள் தோளோடு தோள் உரசிப் போகிறார்கள். ஒருவர் பெங்களூரிலோ புனேயிலோ மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்பவர். அவரது கார்பன் ஃபைபர் சைக்கிளின் விலை லட்சங்களில் இருக்கும். இன்னொருவர் சைக்கிள் வீரர்களின் விளைநிலமான விஜயபுரா, பாகல்கோட் பகுதியிலிருந்தோ, ராஜஸ்தானின் பிகானேரிலிருந்தோ வந்த இளைஞர். அவரது சைக்கிள் இரண்டு மூன்று கை மாறி வந்தது. முன்னவர் தோற்றால் திங்கட்கிழமை அலுவலகத்தில் சொல்ல ஒரு கதை கிடைக்கும். பின்னவருக்கு இந்தப் பந்தயம் ஒரு வேலை விண்ணப்பம். இங்கே கவனிக்கப்பட்டால் மாநில அணி, பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ ராணுவத்திலோ வேலை.

சமவெளியில் இந்த வித்தியாசத்தைக் காற்று மறைத்துவிடுகிறது. மலை வந்ததும் வெளுத்துவிடும். நீண்ட பாரம்பரியம் கொண்ட மும்பை-புனே பந்தயத்தில் கொப்போலிக்குப் பிறகு போர் காட் மலைப்பாதை வரும். அதில் முதலில் ஏறுபவருக்கு மராத்தியில் 'காட்டாசா ராஜா', அதாவது மலைப்பாதையின் அரசன், என்று பட்டம். செங்குத்தான ஏற்றத்தில் வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். காற்று அங்கே பெரிய எதிரியல்ல, எடைதான் எதிரி. பதுங்குவதற்கு யார் முதுகும் அதிகம் உதவாது.

சர்வதேச விதிகளின்படி பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. விலையுயர்ந்த சைக்கிள்கள் அந்த எல்லையை ஒட்டியே நிற்கின்றன. பழைய இரும்புச் சட்ட சைக்கிள் 12 கிலோ இருக்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இந்த ஐந்து கிலோ, அரை மணி நேர ஏற்றத்தில் ஏறத்தாழ இரண்டு நிமிடத்தைத் தின்றுவிடும். பலவீனமான கால்களை எந்தச் சைக்கிளும் அரசனாக்காது என்பது உண்மை. ஆனால் கால்கள் சமமாக இருக்கும்போது இரண்டு நிமிடம் என்பது ஒரு வேலையின் விலை.

உள்நாட்டில் தயாரான சாதாரண சைக்கிள்களுக்குத் தனிப் பிரிவு வைப்பது ஒரு தீர்வாகச் சொல்லப்படுகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் தனிப் பந்தி போட்டுவிட்டு எல்லோரும் விருந்தில் கலந்துகொண்டதாகச் சொல்வதைப் போன்றது அது. திறமையான இளைஞர் மோத வேண்டியது மிகச் சிறந்தவர்களோடு. நுழைவுக் கட்டணத்திலும் விளம்பரப் பணத்திலும் ஒரு பங்கை ஒதுக்கி, பந்தய அமைப்பாளர்கள் நல்ல சைக்கிள்கள் சிலவற்றை இரவல் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சைக்கிளை மாற்றும் வசதி படைத்தவர்கள், பழையதை இணையத்தில் விற்பதற்குப் பதிலாக ஒரு பயிற்சி விடுதிக்குத் தரலாம்.

அறுபது கிலோமீட்டர் தூரம் ஒருவர் முதுகில் ஒருவர் ஒதுங்கி வந்தவர்களுக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.