விளையாட்டு வீரரின் பதிவுக்குத் தண்டனை வேண்டுமா?

2021 ஜூன் 2ஆம் திகதி இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் நியூஸிலாந்துக்கு எதிரான டெஸ்ட் போட்டி ஆரம்பமாகியது. வேகப்பந்து வீச்சாளர் ஒலி ரொபின்சன் இங்கிலாந்து அணிக்காக முதன்முறையாகக் களமிறங்கினார். ஆட்டம் தொடங்குமுன் இனவாதத்துக்கும் ஏனைய பாகுபாடுகளுக்கும் எதிரான வாசகங்கள் பொறித்த மேலாடைகளை அணிந்து இங்கிலாந்து வீரர்கள் மைதானத்தில் நின்றனர். அவர்களுள் ரொபின்சனும் ஒருவர். அதே நாளில்தான் 2012, 2013ஆம் ஆண்டுகளில் அவர் டுவிட்டரில் இட்ட பழைய பதிவுகள் வெளிக்கிளம்பின. முஸ்லிம்களையும் ஆசிய வம்சாவளியினரையும் பெண்களையும் இழிவுபடுத்தும் பதிவுகள் அவை. எழுதியபோது அவருக்கு வயது 18, 19. வெளிவந்தபோது 27.

அன்று மாலை ஆட்டம் முடிந்ததும் அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அப்போட்டியில் ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தியதோடு 42 ஓட்டங்களையும் பெற்றார். ஆயினும் போட்டி முடிந்த கையோடு சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். இது மிகையான நடவடிக்கை என்று அந்நாட்டின் அமைச்சர் ஒருவரே கூறினார். பிரதமரும் அதற்கு உடன்பட்டார். பதினெட்டு வயதில் ஒருவன் எழுதியதை அவன் வாழ்நாள் முழுவதும் தூக்கிக் காட்டலாமா என்பதே அவர்களது வாதம்.

இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இதை வாசிக்கும் உங்களுக்கு வயது பதினாறு அளவில் இருக்கும். நண்பர்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காக எதையாவது எழுதிவிடும் வயது அது. முன்னைய தலைமுறையினர் மேசையிலே கவராயத்தால் கிறுக்கினார்கள்; மேசை உடைந்தபோது கிறுக்கலும் போயிற்று. கைத்தொலைபேசியில் எழுதியது அப்படிப் போவதில்லை. ஆயினும் வயது ஒன்றையே காரணங்காட்டி ரொபின்சனை விட்டுவிடுவது சரியென நான் கருதவில்லை. அப்பதிவுகளை வாசித்த ஆசிய வம்சாவளிச் சிறுவன் ஒருவனும் அதே இங்கிலாந்தில் கிரிக்கெட் ஆடுகிறான் அல்லவா? தேசிய அணியின் ஆடை அவனுக்கும் உரியது.

ஈற்றில் ஒழுக்காற்று ஆணைக்குழு எடுத்த முடிவு என் பார்வையில் நிதானமானது. எட்டுப் போட்டிகளுக்குத் தடை. அதில் ஐந்து போட்டிகளுக்கான தடை இரண்டு வருடங்களுக்கு ஒத்திவைப்பு. மீதி மூன்றும் ஏற்கெனவே கழிந்தவையாகக் கணக்கிடப்பட்டன. 3,200 பவுண் தண்டப்பணமும் விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் இந்தியாவுக்கு எதிராக அவர் மீண்டும் ஆடினார்; ஹெடிங்லி டெஸ்டில் ஆட்டநாயகன் விருதும் பெற்றார். தவறுக்குத் தண்டனை கிடைத்தது, திரும்பி வரக் கதவும் திறந்திருந்தது.

2012 இலண்டன் ஒலிம்பிக்கின்போது இவ்வளவு ஆறுதலாக விசாரிக்க எவருக்கும் நேரம் இருக்கவில்லை. கிரேக்க நாட்டு முப்பாய்ச்சல் வீராங்கனை பராஸ்கெவி பபாஹிறிஸ்து, தம் நாட்டில் வாழும் ஆபிரிக்கக் குடியேறிகளை நுளம்புகளோடு தொடர்புபடுத்திக் கேலி செய்து ஒரு பதிவை இட்டார். ஆரம்ப விழாவுக்கு இரண்டு நாட்களுக்கு முன்னர் அணியிலிருந்து நீக்கப்பட்டார். சில நாட்களின் பின் சுவிற்சர்லாந்து உதைபந்தாட்ட வீரர் மிஷெல் மொர்கனெல்லா, தென்கொரியாவிடம் தோற்ற ஆத்திரத்தில் கொரியர்களை இழிவாக எழுதி அவரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். வீராங்கனை சொன்னது நகைச்சுவையாம். வீரர் சொன்னது கோபத்திலாம். உலகின் எல்லா இனத்தவரும் ஒன்றுகூடும் விழாவிலே, அங்கு வந்திருக்கும் ஓர் இனத்தை ஏளனம் செய்பவருக்கு இடமில்லை என்பது கடுமையானதாயினும் நியாயமானதே. பபாஹிறிஸ்துவின் வாழ்வு அத்துடன் முடிந்துவிடவும் இல்லை. 2018இல் பேர்லினில் நடந்த ஐரோப்பிய மெய்வல்லுநர் போட்டியில் அவர் தங்கப் பதக்கம் வென்றார்.

எல்லா வழக்குகளும் இவ்வளவு தெளிவானவை அல்ல. உருகுவே நாட்டு உதைபந்தாட்ட வீரர் எடின்சன் கவானி 2020 நவம்பரில் மன்செஸ்டர் யுனைட்டட் கழகத்துக்காக இரண்டு கோல்களைப் போட்டு வெற்றி தேடிக் கொடுத்தார். வாழ்த்திய நண்பருக்கு இன்ஸ்டகிராமில் ஸ்பானிய மொழியில் நன்றி கூறுகையில், நிறத்தைச் சுட்டும் ஒரு செல்லச்சொல்லைச் சேர்த்தார். அவரது ஊரில் அது அன்பான விளிப்பு. இங்கிலாந்தில் இனவாதச் சொல். மூன்று போட்டித் தடையும் 100,000 பவுண் தண்டமும் அவருக்குக் கிடைத்தன. உருகுவேயின் மொழிக்கழகமே இதைக் கண்டித்தது. எமது ஊர்களிலும் நிறத்தைச் சொல்லிச் செல்லமாக அழைக்கும் வழக்கம் உண்டு. (அழைக்கப்பட்டவருக்கு அது பிடித்ததா என்று எவரும் கேட்பதில்லை என்பது வேறு விடயம்.) கவானிக்கு ஓர் எச்சரிக்கை போதுமாயிருந்திருக்கும் என்பதே என் எண்ணம். புண்படுத்தும் நோக்கமின்றி எழுதியவரையும் வேண்டுமென்றே இழிவுபடுத்தியவரையும் ஒரே தராசில் வைத்தல் முறையாகாது.

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, வீரர்கள் வாயை மூடிக்கொண்டு விளையாடினால் போதும் என்று சிலர் முடிவுகட்டக்கூடும். அங்குதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். எம் நாட்டின் லசித் மாலிங்க 2017இல், வீரர்களின் உடற்தகுதியைக் குறைகூறிய விளையாட்டுத்துறை அமைச்சருக்குக் குரங்கையும் கிளிக்கூட்டையும் உவமை காட்டிப் பதில் சொன்னார். அது சமூக ஊடகத்தில் அல்ல, செய்தியாளரிடம் சொன்னது. அனுமதியின்றி ஊடகங்களிடம் பேசி ஒப்பந்தத்தை மீறியதாக அவருக்கு ஒத்திவைக்கப்பட்ட ஓராண்டுத் தடையும், அடுத்த ஒருநாள் போட்டிக்கான ஊதியத்தில் அரைவாசித் தண்டமும் விதிக்கப்பட்டன. உவமை சற்றுக் காரமானதுதான். ஆனால் அதனால் எந்த இனத்தவரும் எந்த ஏழையும் தலைகுனியவில்லை. அதிகாரத்தில் இருந்த ஒருவருக்குத்தான் உறைத்தது.

பெலாரஸ் நாட்டு ஓட்ட வீராங்கனை கிறிஸ்டினா சிமனூஸ்கயாவுக்கு நேர்ந்தது இதனினும் பாரதூரமானது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் 200 மீற்றர் ஓட இருந்தார். அணியில் சிலர் போதிய ஊக்கமருந்துப் பரிசோதனைகளுக்கு உட்படாததால் பங்குபற்ற முடியாது போக, அவரைக் கேளாமலே 4x400 மீற்றர் அஞ்சலோட்டத்தில் அவர் பெயரைச் சேர்த்தனர். இதைப் பயிற்றுநர்களின் தவறு என்று அவர் இன்ஸ்டகிராமில் முறையிட்டார். எவரையும் இழிவாகப் பேசவில்லை. அதற்காக ஓகஸ்ட் முதலாந் திகதி, தம் போட்டிக்கு முதல்நாளே, அவரைப் பொதிகளுடன் விமான நிலையத்துக்குக் கொண்டு சென்றனர். நாடு திரும்பினால் ஆபத்து என அஞ்சிய அவர் ஜப்பானியப் பொலிஸாரிடம் உதவி கோரினார். போலந்து விசா வழங்கியது.

ஆகவே ஒரு வீரர் தண்டிக்கப்பட்டார் என்ற செய்தியைப் படிக்கும்போது, அவர் எழுதியதைப் பார்ப்பதோடு, அது யாரைச் சுட்டது என்பதையும் பாருங்கள். தம்மைத் திருப்பிக் கேட்க இயலாதவர்களைச் சுட்டதா, தம்மை ஆள்பவர்களைச் சுட்டதா? முன்னையதைத் தண்டிப்பது விளையாட்டைக் காப்பது. பின்னையதைத் தண்டிப்பது அதிகாரிகள் தம்மைக் காத்துக்கொள்வது. இரண்டுக்கும் ‘ஒழுக்கம்’ என்ற ஒரே பெயரைத்தான் சூட்டுகிறார்கள்.

சிமனூஸ்கயா விடயத்தில் தண்டனை திசைமாறியது. அவரை விமான நிலையத்துக்கு அனுப்புவதில் தொடர்புபட்ட பெலாரஸ் அதிகாரிகள் இருவரின் அனுமதி அட்டைகளைச் சர்வதேச ஒலிம்பிக் குழு பறித்தது. டோக்கியோவில் தவறிப்போன 200 மீற்றர் ஓட்டம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் அவர் ஓடினார். நெஞ்சில் போலந்தின் பெயர் இருந்தது.