ஜூலியா என்றால் என்ன அர்த்தம்?

கொஞ்சம் நீளமான பதிவு. டீயைப் போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்திக்கு மகள் பிறந்திருக்கிறாள். ஜூலியா என்று பெயர் வைக்க ஆசை. வீட்டுப் பெரியவர்கள், "அர்த்தமில்லாத பெயர் எதற்கு?" என்கிறார்களாம். இவள் இணையத்தில் தேடி "இளமையானவள்" என்று போட்டிருப்பதைக் காட்டியிருக்கிறாள். "சரிதானே டீச்சர்?" என்று கேட்டாள்.

என் கருத்து இது. பெயரைத் தாராளமாக வையுங்கள். அந்த அர்த்தத்தை நம்பி மட்டும் வைக்காதீர்கள்.

"இளமை" எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜூலியஸ் என்ற லத்தீன் பெயரை, முகத்தில் முதன்முதலாக அரும்பும் மென்மயிரைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல்லோடு சேர்த்துச் சொல்வது ஒரு விளக்கம். அதாவது அரும்புமீசை! பெண் குழந்தையின் பெயருக்கு வேர் அதுவாம். ரோமானியரின் பெரிய தெய்வமான ஜூபிடர் பெயரிலிருந்து வந்தது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. பெயர் அகராதிகள் இதையெல்லாம் சொல்லாமல் ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகின்றன.

உண்மையில் ரோமில் ஜூலியா என்பது ஒருத்திக்கென்று யோசித்து வைத்த பெயரே அல்ல. ஜூலியஸ் என்பது குலப்பெயர். அந்தக் குலத்தில் பிறந்த பெண் ஜூலியா, கொர்னீலியஸ் குலத்தில் பிறந்தவள் கொர்னீலியா, அவ்வளவுதான். ஜூலியஸ் சீசரின் அத்தை ஜூலியா. சகோதரிகள் இருவரும் ஜூலியா. மகளும் ஜூலியா. பெரியவள், சின்னவள், மூன்றாமவள் என்று அடைமொழி சேர்த்துத்தான் பிரித்துக் காட்டினார்கள். ஆண்களுக்கும் புதுப்பெயர்கள் அதிகம் கிடையாது, சீசரின் அப்பா பெயரும் காயஸ் ஜூலியஸ் சீசர்தான். ஆனாலும் பையனுக்குக் காயஸ் என்று ஒரு முதற்பெயராவது இருந்தது.

பேரரசர் அகஸ்டஸ் வீட்டைப் பாருங்கள். அவர் பிறந்தது ஒக்டேவியஸ் குலத்தில், அதனால் அவருடைய சகோதரி ஒக்டேவியா. பிறகு சீசர் தன் உயிலில் அவரைத் தத்தெடுத்தார். அதனால் கி.மு. 39-இல் பிறந்த மகள் ஜூலியா ஆனாள். அப்பாவின் குலம் மாறியதால் மகளின் பெயர் மாறிவிட்டது! அந்த மகளை மார்செல்லஸ், அக்ரிப்பா, டைபீரியஸ் என்று அரசியல் கணக்குப் பார்த்து மூன்று பேருக்குக் கட்டிக்கொடுத்தார். கி.மு. 2-இல் நடத்தை சரியில்லை என்று பண்டடேரியா என்ற சின்னத் தீவுக்கு நாடு கடத்தினார். அவள் பிறந்த அன்றே அவர் விவாகரத்து செய்த தாய் ஸ்கிரிபோனியா, யாரும் சொல்லாமலே மகளோடு தீவுக்குப் போனாள். எனக்கு அந்தத் தாயை மறக்க முடியவில்லை. பின்னால் பேத்தி ஜூலியாவையும் அதே தாத்தா நாடு கடத்தினார்.

ஒன்றை மட்டும் ரோமானியர்களிடம் பாராட்டுவேன். கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பெயர் மாறாது. சீசரின் மகள் பாம்பியை மணந்த பிறகும் ஜூலியாதான். இங்கே என் மாணவிகள் கல்யாணமானதும் இனிஷியலை மாற்றிக்கொண்டு, மதிப்பெண் பட்டியலில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று அலைகிறார்கள். பெண்களே, சான்றிதழில் இருக்கும் பெயரை விட்டுக்கொடுக்காதீர்கள். மாப்பிள்ளை வீட்டார் கோபித்தால் டீச்சர் சொன்னார்கள் என்று சொல்லுங்கள்.

பைபிள் வாசிப்பவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானதுதான். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் வாழ்த்துச் சொல்லும் பெண்களில் ஒருத்தி ஜூலியா. ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டும் இதே பெயரின் செல்ல வடிவம். போலந்தில் 2000-க்குப் பிறகு பல ஆண்டுகள் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர் ஜூலியாதான். ஆகவே அபூர்வமான பெயர் என்று நினைத்து யாரும் வைக்க வேண்டாம்.

எனக்குப் பிடித்த ஜூலியா யார் என்று கேட்டால், ஜூலியா மார்கரெட் கேமரன். 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் அவருடைய மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் படம் எடுக்கவே தொடங்கினார். டார்வினையும் கவிஞர் டென்னிசனையும் அவர் எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றவை. கேமரா கொடுத்த மகளின் பெயரும் ஜூலியா. ஆனால் இது அப்பாவின் குலப்பெயர் அல்ல, அம்மாவின் சொந்தப் பெயர்! அவர் ஆசையாகப் பலமுறை படமெடுத்த தங்கை மகளும் ஒரு ஜூலியா. எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் தாய் அவர்.

கேமரன் கடைசிக் காலத்தில் இலங்கைக்குப் போய்விட்டார். கணவருக்கு அங்கே காப்பித் தோட்டம் இருந்தது. களுத்துறையில் உள்ளூர் மக்களையும் படம் எடுத்திருக்கிறார். 1879-இல் இறந்தார். கல்லறை மலையகத்தில், பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் இருக்கிறது. ஹட்டன் பக்கம் இருக்கும் நம் சொந்தங்கள் யாராவது அந்த வழியாகப் போனால் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். கல்லில் பெயர் தெரியும்படி எடுங்கள்.