வீடு நமது, மனை யாருடையது?

தூத்துக்குடிக் கடலோரத்தில் புறம்போக்கு நிலத்தில் வீடு கட்டி வாழும் குடும்பங்களுக்குச் சுவர் சொந்தம், மனை சொந்தமில்லை. ஆனாலும் சொத்துவரி உண்டு.

2022 ஏப்ரலில் தமிழக அரசு வரியை உயர்த்தியபோது, தூத்துக்குடி போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு 25 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 சதவீதமும் கூட்டியது. சிறு வீட்டுக்குச் சுமை குறைவு, சரிதான். ஆனால் இந்தப் படிநிலை பரப்பளவைப் பார்க்கிறதே தவிர, பட்டா இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. மனை உள்ளவருக்கு நிலத்தின் மதிப்பு ஏறுகிறது. நமக்கோ சுவர்தான் பழசாகிறது.

வரி ரசீது உரிமைப் பத்திரமாகாது. அதற்காக வரியை நிறுத்திவிடக் கூடாது. ரசீதுகள் நாம் குடியிருந்த காலத்துக்குச் சான்று. வரி வாங்குவது மாநகராட்சி, பட்டா தருவது வருவாய்த் துறை. ஆட்சேபனையற்ற புறம்போக்காக இருந்தால், ரசீதுகளை இணைத்துத் தாசில்தாரிடம் இன்றே மனு கொடுப்போம்.