எந்தப் பூஜ்ஜியத்திலிருந்து?

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால், சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்கிற ஜனங்கள் காலையில் பத்திரிகையைப் பிரித்ததும், தலைப்புச் செய்திகளையெல்லாம் தாண்டிப் போய் முதலில் தேடுவது ஏரிகளின் நீர்மட்டத்தைத்தான். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்ற பெயர்கள் இந்நகரவாசிகளுக்கு உறவினர் பெயர்களைப்போல் வாயில் வருபவை. குடிநீர் வாரியம் நாள்தோறும் வெளியிடுகிற அந்தச் சிறிய அட்டவணை, திறந்த தரவு என்ற பேச்சு நம்மிடையே பரவுவதற்கு முன்பே, எவரும் கேளாமலும் எவருக்கும் விண்ணப்பம் எழுதாமலும் பொதுமக்கள் கைக்கு வந்து சேர்ந்த தரவு. நகரங்களின் சேவைகளையும் சுற்றுச்சூழலையும் குறித்த பொதுத் தரவுகளைப் பற்றி இவ்விதழில் எழுத நேர்ந்தபோது, அந்த அட்டவணையிலிருந்தே தொடங்குவது நியாயம் என்று தோன்றிற்று.

அதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஏரியின் பெயர், முழு நீர்மட்டம், முழுக் கொள்ளளவு, இன்றைய மட்டம், இன்றைய இருப்பு, வரத்து, வெளியேற்றம், மழை, சென்ற ஆண்டு இதே நாளின் இருப்பு. ஒரு பக்கத்தில் அடங்கிவிடுகிற இத்தனை விவரமும் போற்றுதலுக்குரியது. செம்பரம்பாக்கத்தின் வரிசையில் முழு நீர்மட்டம் 85.40 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்று இருக்கும். அதே நாள் பத்திரிகையில், 24 அடி உயரமுள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம் 22 அடியைத் தொட்டது என்ற செய்தி வந்திருக்கும். இரண்டும் மெய்யே. முன்னது கடல்மட்டத்தைப் பூஜ்ஜியமாகக் கொண்டு அளந்தது. பின்னது ஏரியின் அடித்தளத்தைப் பூஜ்ஜியமாகக் கொண்டது. இடையிலுள்ள 61.40 அடி எங்கே போயிற்று என்று கேட்கிற மாணவனுக்கு நாம் ஒரு நிமிஷத்தில் விடை சொல்லிவிடுவோம்; ஆனால் அந்த விடை அட்டவணையில் எழுதப்பட்டிருப்பதில்லை. துறையில் பழகியவர் மனத்தில் மட்டும் இருக்கிறது. பொதுத் தரவுகளைப் பற்றி நாம் சொல்ல விரும்புவதெல்லாம் இந்த எழுதப்படாத ஒரு வரியைப் பற்றியதே.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியை நினைவுகூராமல் இதைச் சொல்லி முடிப்பதற்கில்லை. தாம்பரத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்திலும் ஏறக்குறைய அவ்வளவு. அன்றிரவு ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டதாக அதிகாரபூர்வ விவரம் கூறுகிறது. அந்த வெளியேற்றம் முறையாக நடந்ததா என்பதை இந்தியக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை முதல் நீதிமன்ற வழக்குகள் வரை பலரும் ஆராய்ந்துவிட்டார்கள். அந்த விவாதத்தை மீண்டும் இங்கே கிளறுவது நம் நோக்கமன்று. நம்மை உறுத்துவது வேறொன்று. அன்றிரவு அந்த எண்ணைச் செய்தியில் கேட்ட சைதாப்பேட்டைவாசியோ கோட்டூர்புரத்துக் குடும்பத் தலைவியோ, 29,000 கன அடி என்பது தம் வாசற்படிக்கு எத்தனை அடி என்று எதைக்கொண்டு கணக்கிட்டிருக்க முடியும்? ஏரியின் மட்டம் ஒரு துறையிடம், அடையாற்றின் குறுக்குவெட்டு மற்றொரு துறையிடம், தெருக்களின் உயரம் வேறொரு துறையிடம். ஒவ்வொன்றும் தன்தன் பூஜ்ஜியத்திலிருந்து தன்தன் அலகில் அளக்கப்பட்டு, ஒன்றை ஒன்று அறியாமல் இருந்தது. எண் ஊரெங்கும் ஒலித்தது. அதன் அர்த்தம் எவர் வீட்டையும் எட்டவில்லை.

இவ்வுரையை எழுதுபவனுக்குச் சொந்த அனுபவமாகவே ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், கடற்கரையை ஒட்டிய ஒரு புறநகரில், தெருவில் தேங்கும் மழைநீரை முகத்துவாரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வடிகால் ஒன்றிற்கு மட்டம் பார்க்கும் வேலை எங்கள் குழுவிடம் வந்தது. கால்வாய் அடிமட்டத்திற்கு ஓர் அலுவலகத்திலிருந்து படம் கிடைத்தது. ஓதத்தின் ஏற்ற இறக்கத்திற்கு இன்னோர் அலுவலகத்திலிருந்து அட்டவணை கிடைத்தது. இரண்டிலும் 0.00 என்ற கோடு இருந்தது, அது எதன் பூஜ்ஜியம் என்று இரண்டிலும் குறிப்பு இல்லை, நாங்களும் கேட்கவில்லை. காகிதத்தில் கால்வாயின் வாய் உயர் ஓதத்திற்கு மேலே நின்றது. மட்டக்கருவியை நாட்டி நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது, அருகில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, “பௌர்ணமி அன்னிக்கு இந்தப் பள்ளத்துல கடலே உள்ள வந்து நிக்கும் சார், நீங்க தெருத்தண்ணிய எங்க கொண்டுபோய் விடுவீங்க?” என்று கேட்டார். திரும்பிப் போய் விசாரித்தபோதுதான், கால்வாய்ப் படம் கப்பலோட்டிகளின் கடற்படங்களில் வழங்கும் பூஜ்ஜியத்தை, அதாவது மிகத் தாழ்ந்த ஓதத்தை ஒட்டிய மட்டத்தை ஆதாரமாகக் கொண்டது என்பதும், ஓத அட்டவணை சராசரிக் கடல்மட்டத்தைக் கொண்டது என்பதும் தெரிந்தது. இரண்டிற்கும் நம் கரையில் ஓர் அடிக்கு மேற்பட்ட வித்தியாசம். சென்னையைப் போன்ற தட்டையான நிலத்தில் ஓரடி என்பது ஒரு தெருவின் தலைவிதி. அந்தப் பெரியவர் அன்று வலை பிரிக்க வராதிருந்தால் நாங்கள் கடலை ஊருக்குள் அழைத்துவரும் வாய்க்கால் ஒன்றை வெகு நேர்த்தியாக வரைந்து கொடுத்திருப்போம்.

நமக்கு இதில் முன்னோர் வழிகாட்டவில்லை என்று சொல்வதற்கில்லை. இந்திய உபகண்டத்தை முக்கோணங்களால் அளந்த மகத்தான முயற்சி, 1802-ஆம் ஆண்டில் நம் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டிலிருந்துதான் தொடங்கிற்று. வில்லியம் லாம்ப்டன் எஃகுச் சங்கிலியைக்கொண்டு அதை அளந்தபோது, வெயிலில் சங்கிலி நீள்வதைக் கணக்கிட வெப்பநிலையைக் குறித்துக்கொண்டார். சங்கிலியின் நீளத்தைச் சரிபார்த்தார். இந்தத் திருத்தங்களையெல்லாம் விரிவாக எழுதிப் பிரசுரமும் செய்தார். ஆட்சியின் தேவைக்காகச் செய்யப்பட்ட அளவை அது என்பது உண்மையே. ஆயினும் இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் அவ்வளவையைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவனுக்கு, எண்ணோடு எண் பிறந்த வழியும் கிடைக்கிறது. அதேபோல், இந்த நாட்டின் உயரங்களுக்கெல்லாம் ஆதாரமாக 1909-இல் நிலைநிறுத்தப்பட்ட சராசரிக் கடல்மட்டம், ஒன்பது துறைமுகங்களில் ஆண்டுக்கணக்கில் ஓதத்தைக் கவனித்துப் பெறப்பட்டது; அவ்வொன்பதில் சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு. நம்முடைய பூஜ்ஜியம் நம் கரையிலேயே பிறந்தது. அதை நாம் படத்தின் மூலையில் எழுத மறந்துவிடுகிறோம்.

மறதிக்கு ஒரு காரணம் நெடுங்காலம் நிலவிய மறைப்பு. பாதுகாப்பை முன்னிட்டு எல்லைப் பகுதிகளின், கடலோரங்களின் நிலப்படத் தாள்கள் சாமானியன் கைக்கு எட்டாதவையாக இருந்தன; கிடைத்த படத்தைப் பாக்கியமாகக் கருதியவன் அதன் பூஜ்ஜியத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பத் துணிவதில்லை. 2012-இல் மத்திய அரசாங்கத்தின் தரவுப் பகிர்வுக் கொள்கை வந்தது; 2021 பிப்ரவரியில் நிலப்படம் தயாரிப்பதற்கிருந்த முன் அனுமதித் தளைகள் பெரும்பாலும் நீக்கப்பட்டன; 2022 டிசம்பரில் தேசியப் புவிசார் கொள்கை வெளியாயிற்று. கதவு திறந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. இதற்காக உழைத்தவர்களுக்கு நம் துறை கடமைப்பட்டிருக்கிறது.

ஆனால் காட்டுவது வேறு, கொடுப்பது வேறு. தமிழ்நாட்டில் ஒரு புல எண்ணைக் கொடுத்தால் அதன் புலப்படத்தையும் அ-பதிவேட்டு விவரத்தையும் இன்று வீட்டிலிருந்தே எவரும் பார்க்கலாம். பட்டாவுக்காகத் தாலுகா அலுவலகத்தின் திண்ணையில் ஒரு தலைமுறை உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இது எளிய சாதனை அன்று. எனினும் ஓர் ஏரியின் வரத்துக்கால்வாய் எத்தனை புல எண்களைக் கடந்து வருகிறது, எங்கே குறுகிப்போயிற்று என்று அறிய விரும்புகிற ஆராய்ச்சியாளன், நூற்றுக்கணக்கான புலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் தாளில் ஒட்டவேண்டும். சொந்தக்காரனுக்குப் போதுமானது ஊருக்குப் போதுமானதாகாது. நீர் புல எண்ணைப் பார்த்து ஓடுவதில்லை.

ஏரியின் எல்லை என்பதே எளிய சங்கதி அன்று. வருவாய்ப் பதிவேட்டில் ஏரிப் புறம்போக்காகக் குறிக்கப்பட்டது ஓர் எல்லை. கலங்கல் வழியும் அளவுக்கு நீர் நிரம்பினால் உள்வாயில் தண்ணீர் பரவுவது இன்னோர் எல்லை. கோடையில் வானிலிருந்து எடுத்த படத்தில் நீலமாகத் தெரிவது மூன்றாவது. ஏரிகளைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 2007-இல் இயற்றப்பட்ட சட்டம், அவற்றின் எல்லைகளை அளந்து படமும் பதிவேடும் தயாரிக்கும்படி பணித்தது. அத்தகைய படம் பிரசுரமாகிறபோது, மூன்றில் எந்த எல்லை வரையப்பட்டிருக்கிறது என்ற ஒரு வரி அதில் இல்லாவிட்டால், ஆக்கிரமிப்பாளனும் அதையே காட்டுவான், அவனை எதிர்த்து வழக்காடுகிறவரும் அதையே காட்டுவார்.

காற்றின் தரவிலும் இதே நோயைக் காண்கிறோம். மணலி, ஆலந்தூர், வேளச்சேரி போன்ற இடங்களில் இடைவிடாது இயங்குகிற மாசு அளவீட்டு நிலையங்கள், 426 சதுர கிலோமீட்டர் பரந்த மாநகராட்சிக்கு விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவற்றின் அளவீடுகள் பொதுவில் கிடைக்கின்றன. கருவி பழுதான நாளில் அக்கட்டம் வெறுமையாக இருக்கவேண்டும். அதைப் பிரதியெடுத்துத் தொகுப்பவர் வெறுமையைப் பூஜ்ஜியமாக நிரப்பிவிட்டால், அன்று அந்த வட்டாரத்தில் தூசியே இல்லை என்று ஆகிவிடுகிறது. மாதச் சராசரி தாழ்ந்து, 60 மைக்ரோகிராம் என்ற தேசிய நாள்வரம்புக்குள் ஊர் அடங்கிவிட்டதாகப் படம் பச்சை நிறம் காட்டுகிறது. அளக்காததும் இல்லாததும் ஒன்றல்ல. இதைச் செய்கிறவர் பெரும்பாலும் அதிகாரி அல்லர். தரவை எடுத்தாள்கிற நம்மைப் போன்றவரே. ஆகையால் இக்குற்றச்சாட்டில் ஒரு பாதியை நம் மேசைமீது வைத்துக்கொள்ளவேண்டும்.

தொண்டர்கள் ஆக்கும் படங்களுக்கும் இது பொருந்தும். 2015 வெள்ளத்தின்போது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை ஆதாரமாகக் கொண்டு, நீர் சூழ்ந்த தெருக்களைப் பொதுமக்களே குறித்த படம் ஒன்று சில நாட்களில் உருவாயிற்று. அரசாங்கம் படம் தரும்வரை காத்திராமல் ஜனங்கள் தாமே நகரத்தை எழுதிக்கொண்ட அந்த நாட்களை எண்ணும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. ஆயினும் கைப்பேசியில் மின்சாரம் இருந்தவர் குறித்த படம் அது. குறி விழாத தெரு நீர் புகாத தெரு அன்று. குறிக்க ஆள் இல்லாத தெருவாகவும் இருக்கலாம். பின்னாளில் அத்தகைய படத்தை வெள்ள அபாயப் படமாகக் கொண்டு வடிகாலுக்கு முன்னுரிமை வகுக்கிறவர், மிக ஏழைத் தெருக்களைக் கடைசியில் நிறுத்திவிடக் கூடும்.

சரியாகச் செய்தால் என்ன பலன் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் ஒரு காலத்தில் காட்சி ஒன்றுக்கு 600 டாலர் வரை விலைபோயின. மிக அதிகமாக விற்ற ஆண்டில் சுமார் 25,000 காட்சிகள் விற்றன. 2008-இல் அவற்றை இலவசமாக்கினார்கள். அடுத்த ஆண்டே பத்து லட்சத்திற்கு மேல் எடுத்துச் செல்லப்பட்டன. விலை நீங்கியது மட்டும் இதற்குக் காரணம் என்று நாம் எண்ணவில்லை. ஒவ்வொரு காட்சியோடும், எடுத்த நாள், நேரம், சூரியன் நின்ற உயரம், கருவியின் திருத்த எண்கள் யாவும் அடங்கிய ஏடு ஒன்று ஒட்டிக்கொண்டே வருகிறது. அதனாலேயே, மதுராந்தகம் ஏரியின் நீர்ப்பரப்பு 1990-இல் எப்படியிருந்தது என்பதை இன்றையதோடு ஒப்பிட, அந்தச் செயற்கைக்கோளைக் கண்ணால் காணாத ஒரு கல்லூரி மாணவியால் முடிகிறது.

எனவே, பிறரிடம் கேட்பதற்கு முன் நம்மிடமே கேட்டுக்கொள்வது என்று இவ்விதழின் ஆசிரியர் குழு தீர்மானித்திருக்கிறது. அடுத்த இதழ் முதல், உயரத்தைக் காட்டும் எந்தப் படமும் அதன் பூஜ்ஜியம் எது, எந்தப் பெஞ்ச் மார்க் கல்லிலிருந்து கொண்டுவரப்பட்டது, எந்த நாளில் அளக்கப்பட்டது என்ற விவரமின்றி இங்கே பிரசுரமாகாது. அட்டவணைகளில் அளக்கப்படாத கட்டம் வெறுமையாகவே அச்சாகும். கட்டுரையாளர் தம் தரவை எவரும் எடுத்தாளும் வடிவில் அனுப்பவேண்டும். படத்திற்குள் படமாக முடங்கிய பி.டி.எஃப். ஏற்கப்படாது.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் ஊர் ஏரியின் கலங்கலையும், மதகருகே நட்ட அளவுக்கல்லையும் மழை தொடங்குமுன் ஒருமுறை போய்ப் பாருங்கள். கல்லில் எழுத்து அழிந்திருந்தால் அதையும் படமெடுத்து, நாளும் இடமும் குறித்து அனுப்புங்கள். சென்ற மாதம் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து ஓர் இளம் பொறியாளர் அனுப்பிய படத்தில், பாசி படிந்த அளவுக்கல்லின் மேல் அடி எண்கள் தெளிவாக இருந்தன. அடியில், பூஜ்ஜியம் இருக்கவேண்டிய இடத்தை வண்டல் மூடியிருந்தது.